கட்டில் படகு

வெள்ளம் வடிந்து வீடு திரும்பிய பிறகு வெண்பாவும் அவள் தம்பி முகிலும் தினமும் ஒரே விளையாட்டைத்தான் விளையாடினார்கள். கட்டில்தான் படகு. தரையெல்லாம் வெள்ளம். அதில் அடித்துச் செல்லப்பட்ட அப்பாவாக முகில் தரையில் கிடப்பான். கட்டிலில் நின்றபடி வெண்பா அவனைக் காப்பாற்ற வேண்டும்.

அன்று முதலில் அம்மாவின் சேலையை வீசினாள்.

"எட்டலக்கா."

இரண்டு சேலைகளை முடிந்து வீசினாள்.

"எட்டிருச்சு. ஆனா அப்பாவுக்குக் கை வழுக்குது."

வெண்பா நெடுநேரம் யோசித்தாள். பிறகு காலிப் பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தில் சேலையைக் கட்டி இறக்கினாள். "இது முழுகாதுப்பா. கட்டிப் புடிச்சுக்கங்க, நான் இழுக்கிறேன்."

முகில் குடத்தை அணைத்தபடி வந்து கட்டிலில் ஏறினான். "அப்பா வந்துட்டாரு!" என்று கத்தினான்.

வாசற்படியில் அம்மா கோதை நின்றிருந்தாள். வெள்ளம் வந்த அன்று மாடியிலிருந்து கணவனுக்கு அவள் வீசியதும் சேலைதான். பக்கத்திலேயே காலிக் குடங்கள் இருந்தன. கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அம்மா தண்ணியில இருக்காங்க!"

வெண்பா குடத்தை அவளிடம் உருட்டிவிட்டாள். "புடிச்சுக்கம்மா."

கோதை அதை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள்.