எருமப்பட்டி மெட்டு

"வாசிச்சதே தப்புங்கறேன், அதுலயும் போயி..."

"அவங்கதான் புள்ள வாசிக்கச் சொன்னாங்க, நானா..."

"ஒப்பாரியவா வாசிக்கச் சொன்னாங்க?"

அர்த்தநாரியின் மடியில் இன்னும் அந்தப் புல்புல்தாரா கிடந்தது. இடக்கை கட்டைகளை அழுத்த, வலக்கை தந்தியை மீட்டும் நீளப் பெட்டி. தறி ஓடாத நேரமெல்லாம் அவருக்கு அதுதான் துணை.

அவர் மனைவி சௌந்திரத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. மகள் பொன்னாத்தாளை நிச்சயம் பண்ண வந்தவர்கள், சௌந்திரம் பிறந்த எருமப்பட்டிக்காரர்கள். அவர்கள் ஏதாவது வாசிக்கச் சொன்னதும், "உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு வாசிக்கறேனுங்க" என்று இவர்தான் பெருமையாக ஆரம்பித்தார். நாலு வரி நகர்வதற்குள் மாப்பிள்ளையின் அம்மா குப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எருமப்பட்டியில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் பாடுகிற மெட்டு அது.

தட்டு மாற்றவில்லை. ஒருவர்கூடக் கை நனைக்கவில்லை. எழுந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்கள்.

"எலை போட்டது போட்டபடி கெடக்குது. இந்த எடப்பாடி ஊரே சிரிக்கும். எங்கூரு சனத்து மூஞ்சியில இனி நான் எப்படீங்க முழிப்பேன்?"

"ஒப்பாரின்னு எனக்கென்ன புள்ள தெரியும்? எங்க பக்கத்து மெட்டு வேற."

"தெரியாத பாட்ட எந்த எழவூட்டுல போயிக் கத்துக்கிட்டீங்க?"

அவர் தந்தியொன்றை முறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தார்.

"அஞ்சு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குதுங்க. அந்தம்மா கால்ல உழுந்தாவது கூட்டியாங்க. தெரியாம வாசிச்சுட்டேன், இன்னாருகிட்டக் கேட்டுக் கத்துக்கிட்டதுன்னு உள்ளதச் சொல்லுங்க. நம்ம புள்ள வாழ்க்கைங்க."

"கால்ல உழுகறேன். ஆருகிட்டக் கத்துக்கிட்டேன்னு மட்டும் கேக்காத."

"ஏன்? ஆரைக் காப்பாத்தறீங்க? எவ பாடினா? சொல்லுங்க, அவ முடியப் புடிச்சு இழுத்துட்டுப் போயி அவங்க முன்னால நிறுத்தறேன்!"

உள்ளறையில் பொன்னாத்தாளின் விசும்பல் நின்றது. அர்த்தநாரி தலை நிமிரவில்லை. குரல் மட்டும் தணிந்தது.

"இந்த ஊட்டுக்கு வந்த நாள்லருந்து, வெடியால வாசக் கூட்டறப்ப நீ முனகறதுதான் சௌந்திரம் அது. ஏதோ சந்தோசத்துல பாடறதா நெனச்சுட்டேன்."