மூட்டை வாயில் ஒரு கொத்து

காலை பதினொன்று பத்துக்கு நாலாவது மூட்டையைத் தரையில் கொட்டினார்கள்.

மருந்துக் கிடங்கில் அவளுடைய வேலை, வந்திருக்கும் பட்டை சொன்ன மரத்தினுடையதுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. காய்ந்துவிட்டால் பட்டைகள் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் உரித்த மரத்தின் இலைக்கொத்து ஒன்றை மூட்டை வாயில் கட்டி அனுப்புவார்கள்.

நேற்று நாலு கொத்தையும் பார்த்தாள். ஆற்றுப்பாலை. நீண்டு ஒடுங்கிய இலை. ஓரத்தில் பொடிப்பொடியாகப் பற்கள். அடிப்பக்கம் வெளுப்பு. கிளையில் மாறி மாறி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

அதன் பட்டை காய்ச்சலுக்குக் கேட்கும். கணவன் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தான். நாலாவது மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போனாள்.

இன்று காலை கஷாயம் வைத்தாள். டம்ளரைக் கட்டிலருகே மூடி வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தாள்.

இப்போது குவியலுக்குள் ஒரு சுள்ளி தெரிந்தது. குனிந்து எடுத்தாள்.

இதிலும் இலை நீளம்தான். ஒடுக்கம்தான். ஆனால் தடிப்பு. ஓரத்தில் நகத்தை ஓட்டினாள். எங்கேயும் தடுக்கவில்லை.

ஒரே கணுவில் மூன்று இலைகள்.

அரளி.

இரண்டும் ஓடைக்கரையில் நிற்பவை. உரித்தவன் கொத்தைச் சரியான மரத்தில்தான் ஒடித்திருக்கிறான். கத்தி பக்கத்து மரத்துக்கும் போயிருக்கிறது.

நேற்று அவள் கொத்தை மட்டும்தான் பார்த்தாள்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? உள்ளே பாம்பா?” மூட்டை தூக்குபவன் சிரித்தான்.

கைபேசியில் விரல் வழுக்கியது. ஆறாவது முறை மணி அடித்தபோதுதான் கணவன் எடுத்தான். கஷாயத்தைக் குடித்தானா என்று கேட்டாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் போலச் சிரித்தான்.

“திட்டாதே. ஒரு வாய் வெச்சேன், அப்படியே துப்பிட்டேன். அதுக்கு இந்தக் காய்ச்சலே தேவலாம்.”

அவள் பட்டைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவள் பேச்சைக் கேட்டதே இல்லை. நல்லவேளை.

மிச்சத்தைக் கீழே கொட்டியாயிற்றா என்று கேட்டாள்.

“எங்கே கொட்ட விட்டாங்க? எம்பொண்ணு விடியக்காலம் எந்திரிச்சு வெச்சதுன்னு உங்கம்மா பிடுங்கி, ஒரே மூச்சுல குடிச்சிட்டாங்க. அப்பப் போய்ப் படுத்தவங்கதான். எழுப்பட்டுமா?”