சிவப்பு அம்பு

வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் அவளுக்கு வலது புறங்கை அரித்தது.

மயிலாத்தாள்.

எந்த முகம் கண்ணில் படக்கூடாது என்று திருப்பூரில் சந்து மாறிச் சந்து நடந்தாளோ, அதே முகம். செக்கிங் வேலைக்கு ஆள் தேவை என்று கேட்டில் தொங்கும் அட்டையைப் பார்த்து வந்திருக்கிறது.

பழைய கம்பெனியில் அவள் டெய்லர். மயிலாத்தாள் செக்கிங். தப்பான பீஸில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் மயிலாத்தாளின் வேலை. ஒருநாள் அத்தனை பேர் பார்க்க, அவளுடைய புறங்கையிலேயே ஒட்டிவிட்டாள்.

"பீஸுக்கு ஒட்டி மாளல கண்ணு. கைக்கே ஒட்டிடறேன்."

தையல் லைனே சிரித்தது.

அன்று சாயங்காலம் வேலையை உதறிவிட்டு வந்தவள்தான். சொந்தமாகக் கம்பெனி வைக்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். வைத்தும் விட்டாள். சின்ன ஷெட். குழந்தைகளுக்கான பனியன் துணிக் கவுன்கள்.

அந்தப் பழைய கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் பாயசம் வைத்துக் குடித்தாள். நன்றாக வேண்டும் என்று.

இப்போது திருப்பி அனுப்பலாம். ஒரு வார்த்தை போதும்.

ஆனால் மூலையில் அந்த மூட்டை கிடக்கிறது. திரும்பி வந்த சரக்கு. குழந்தையின் தலை நுழையும்போது கழுத்துத் தையல் அறுந்துபோகிறதாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆர்டர் இல்லையென்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

சொந்தக்காரர்களை வைத்ததுதான் வினை. தைப்பது மாமன் மகள். செக்கிங் பார்ப்பது சித்தி மகள். ஸ்டிக்கர் எங்கிருந்து விழும்? வாங்கிவைத்த தாள் வாங்கியபடியே இருந்தது.

சித்தி மகளை நிறுத்தியாகிவிட்டது. சித்தி பேசுவதில்லை. போகட்டும்.

இந்த முறை யாரிடமும் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

அவள் மேசையைக் காட்டினாள். மூட்டையிலிருந்து எடுத்து அடுக்கிய கவுன்கள். பக்கத்தில் ஸ்டிக்கர் தாள்.

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் விரித்துப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், "அம்சமா இருக்குதுங்க்கா" என்றார்கள், போனார்கள்.

மயிலாத்தாள் தடவிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் முட்டியாக மடக்கிக் கழுத்துக்குள் விட்டு இழுத்தாள்.

டப்.

அம்பு.

அடுத்தது. டப். அம்பு.

பாதி அடுக்கில் நிறுத்திவிட்டாள். எல்லாவற்றிலும் ஒரே கோளாறு.

"மாடல் பீஸ் எதுங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. ஷெட் திறந்த அன்று அவளே தைத்த முதல் கவுன். பூஜையில் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் தொட்டு மாட்டியது. இதுபோல் வரவேண்டும் என்றுதான் எல்லோருக்கும் காட்டுவாள். எல்லா மெஷினிலும் நூலை அந்த இறுக்கத்துக்கு அவளே திருகிவைத்திருந்தாள்.

குங்குமம் வைத்த துணியை யார் இழுத்துப் பார்ப்பார்கள்?

மயிலாத்தாள் செருப்பைக் கழற்றினாள். கவுனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு முட்டிகளை உள்ளே விட்டாள்.

டப்.

மாமன் மகள் மெஷினை நிறுத்தினாள். இந்தக் கழுத்துத் தையலுக்காகப் போன வாரம் அவளிடம் அழ அழ வசவு வாங்கியவள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மயிலாத்தாள் குங்குமத்துக்குப் பக்கத்தில் அம்பை ஒட்டி, கவுனை நீட்டினாள். வேலை போயிற்று என்று மயிலாத்தாளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"கை இன்னும் இறுக்கந்தானுங்க."

அவளுக்குக் காது சுட்டது. அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

கவுனை வெடுக்கென்று வாங்கினாள். மாமன் மகளை எழுப்பிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். பழைய தையலைப் பிரித்தாள். நூலைத் தளர்த்தினாள். தைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினாள்.

மயிலாத்தாள் இழுத்தாள்.

டப்.

ஸ்டிக்கர் தாள் மேசையில் இருந்தது. மயிலாத்தாள் அதைத் தொடவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள்.

அவள் தாளை எடுத்து மயிலாத்தாளின் கையில் வைத்தாள்.

வாசலில் வேறொரு பெண் எட்டிப் பார்த்து, அட்டையைச் சுட்டினாள்.

"ஆள் எடுத்தாச்சும்மா" என்றாள் அவள், தையலைப் பிரித்துக்கொண்டே.