நாற்பது முறை ஜெயித்த மீன்

தில்ஷாத் முதன்முதலாக ஒரு ஃபைட்டர் மீன் வாங்கினாள். சின்னத் தொட்டி, ஒரு செடி, பாசி தின்ன ஒரு நத்தை. மீன் சும்மா கிடந்தால் சோம்பிவிடும், தினம் இரண்டு நிமிஷம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவளும் காட்டினாள்.

கண்ணாடியில் இன்னொரு மீனைக் கண்டதும் இது துடுப்பை விரித்துக்கொண்டு பாயும். அவள் கண்ணாடியை எடுத்ததும் நத்தையிடம் வரும்.

"பார்த்தியா? இன்னிக்கும் ஓடிட்டான்."

"பார்த்தேன், பார்த்தேன். இதோட நாற்பது தடவை. ஒரு நாளாவது உன்மேல ஒரு கீறல் போட்டானா அவன்?"

"கிட்ட வர விட்டாத்தானே!"

ஒரு நாள், "பாவம், தனியா இருக்கு" என்று தில்ஷாத் இன்னொரு ஃபைட்டரை வாங்கி வந்து, கண்ணாடி ஜாடியோடு தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அது வந்த வேகத்தில் ஜாடிச் சுவரில் முட்டியது. நம் வீரர் செடிக்குப் பின்னால் போனார். வால்கூட வெளியே தெரியவில்லை.

நத்தை ஊர்ந்து போய் எட்டிப் பார்த்தது. "என்ன வீரரே, இன்னிக்குச் சண்டை கிடையாதா?"

"இவன் மரியாதை தெரியாதவன். தினம் வர்றவன்னா, நான் நிறுத்தினா அவனும் நிறுத்துவான். இவன் பாட்டுக்கு முட்டிக்கிட்டே இருக்கான்."

"அய்யோ, பயந்துட்டான்" என்று தில்ஷாத் ஜாடியை அடுத்த அறைக்கு எடுத்துப் போனாள்.

மீன் மெல்ல வெளியே வந்தது. நாலு பக்கமும் பார்த்தது. துடுப்பை விரித்தது.

"பார்த்தியா? இவனும் ஓடிட்டான்."

நத்தை ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.