வளரும் மேஜை

“ஏன் திராண்டே அக்கா, அந்த மேஜை விரிப்பு இந்த ஜென்மத்துல முடியுமா?”

பக்கத்து வீட்டு லூச்சே வாசலில் நின்று கேட்டாள். ஷ்கோட்ரா நகரின் அந்தத் தெருவுக்கே அது பழைய கேலி. அடுப்படி வேலை முடிந்ததும் திராண்டே வெள்ளை நூலும் குரோஷா ஊசியுமாக உட்கார்ந்துவிடுவாள். வருடக்கணக்காக அதே விரிப்புதான்.

“என்ன செய்யறது? எங்க வீட்டு மேஜை வளர்ந்துக்கிட்டே இருக்கே!” பதிலும் பழையதுதான். ஆனால் இன்று அவள் நூலைக் கத்தரித்தாள். “இந்தா, முடிஞ்சுடுச்சு.”

“அடேயப்பா! நாளைக்கு மழை கொட்டப் போகுது.”

“நாளைக்குக் கோயில் திறக்கறாங்க.”

“தெரியும். மதமே கூடாதுன்னு இருபத்து மூணு வருஷம் பூட்டி வெச்ச அரசாங்கத்துக்கு இப்பதான் மனசு வந்திருக்கு. அதுக்கும் விரிப்புக்கும் என்ன சம்பந்தம்?”

திராண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். ஆறடி உயர மகன் ஜோவலின், நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். அவள் முக்காலி மேல் ஏறி, விரிப்பை அவன் தலைவழியாக மாட்டினாள். அதற்குக் கழுத்து இருந்தது, கைகள் இருந்தன. ஓரம் சரியாகக் கணுக்காலைத் தொட்டது.

“ஞானஸ்நான அங்கியா!” லூச்சே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இவன் வயித்துல இருக்கறப்ப ஆரம்பிச்சேன். பிறக்கறதுக்குள்ள கோயிலைப் பூட்டிட்டாங்க. இவன் வளர வளர, பிரிச்சுப் பிரிச்சுப் பெரிசாக்கினேன். ஒரு நாள்கூடச் சலிச்சதில்ல.”

“என்கிட்டகூடச் சொல்லலையே?”

“உன் வீட்டுக்காரர் ஆளுங்கட்சி ஆபீஸ்ல இருந்தாரே.”

லூச்சே குனிந்து, மடங்கியிருந்த ஓரத்தை நீவிவிட்டாள். பிறகு ஜோவலினை அண்ணாந்து பார்த்தாள்.

“மேஜை நல்லாத்தான் வளர்ந்திருக்கு அக்கா!”