முதலிடம் கொம்பையாவுக்கு

"அண்ணாச்சி, எம் போன மட்டும் கொஞ்சம் மேல ஏத்தி விடுங்க."

கொம்பையா வந்து நின்றபோது நான் மாடிப்படியில் உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் என் மனைவி கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டில் இந்த வழக்கு வரும். கீழே நான்கு அறைகளில் கம்பெனிப் பையன்கள், மேலே நாங்கள், எல்லோருக்கும் ஒரே வைஃபை. வல்லம் வடகாலில் எங்கள் தெருவுக்கு டவர் சிக்னல் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. பையன்கள் ஊருக்குப் பேசுவது, பாட்டு, படம், கிரிக்கெட், எல்லாம் அந்த ஒரு வைஃபையின் தலையில்தான்.

யார் போன் முதலில், யார் போன் கடைசியில் என்று முடிவு செய்கிற ஆப் என் கையில் இருக்கிறது. ஒருவன் போனை விரலால் இழுத்து மேலே விட்டால் அவன் குரல் கணீரென்று போகும். கீழே தள்ளினால் சுற்றிக்கொண்டே இருக்கும். இருந்த வயலைக் கம்பெனிக்குக் கொடுத்த பிறகு எனக்கு மிச்சமிருக்கும் ஒரே அதிகாரம் இதுதான், அதை நான் லேசில் விடுவதில்லை.

என் சட்டம் சின்னது. பேசுகிறவன் முதலில் பேசட்டும், படம் பார்க்கிறவன் காத்திருக்கட்டும்.

"யாராண்ட பேசணும்?" என்றேன்.

கொம்பையா தலையைச் சொறிந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் பிரேக் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறான். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"ஒரு புள்ள, அண்ணாச்சி. சாயந்தரம் அவள பொண்ணு பாக்க வாராவ. அவ வீட்ல அவகிட்ட ஒரு வார்த்த கேக்கலையாம். இப்ப எனக்குப் பதில் சொல்லுதேன்னு இருக்கா. சரின்னு சொல்லிட்டாள்னா, அவ அப்பா முன்னால போயி நின்னுருவேன்."

எனக்கு வந்ததே கோபம்.

"பெத்த பொண்ண ஒரு வார்த்த கேக்காம ஆளுங்கள வரச் சொல்லிக்கீறான். இன்னா மனுசன்யா அவன்?"

"ஆமா, அண்ணாச்சி," என்றான், ரொம்ப மெதுவாக.

"எந்த ஊரு பொண்ணு?"

"பக்கந்தான், அண்ணாச்சி."

அவனை முதலிடத்தில் ஏற்றினேன். அவன் பைக் பக்கம் ஒதுங்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்திலேயே திரும்பி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அவள் குரல் விட்டு விட்டுத்தான் வருகிறதாம்.

மாரிராஜ் அறையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவனைக் கீழே தள்ளினேன். அடுத்த அறையில் கிரிக்கெட். அவர்களையும் தள்ளினேன். உள்ளேயிருந்து கூச்சல் வந்தது, நான் காதில் வாங்கவில்லை.

கொம்பையா மறுபடியும் உதட்டைப் பிதுக்கினான்.

சரி, ஒரு பெண்ணின் வாழ்க்கை விஷயம் என்று, என் வீட்டு ஆட்கள் போன், டிவி எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகக் கடைசிக்குத் தள்ளினேன். யார் பெற்ற பெண்ணுக்காகவோ இவ்வளவு செய்கிற ஹவுஸ் ஓனர் இந்த வட்டாரத்தில் இன்னொருவன் இருக்க மாட்டான். எனக்கே என்னை நினைத்தால் பெருமையாக இருந்தது.

உடனே கொம்பையாவின் போன் கால் கட்டாகிவிட்டது.

மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் என் மகள் கவியாவின் தலை தெரிந்தது.

"அப்பா, நெட்டுக்கு இன்னா ஆச்சு? முக்கியமா ஒண்ணு பேசிக்கினு இருந்தேன். சொல்ல வரதுக்குள்ள கட்டாயிடுச்சு."

நான் கவியாவைப் பார்த்தேன். அவள் கையில் போன். கொம்பையாவைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்டலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருகிறார்கள். கேசரி அவர்களுக்குத்தான்.

எழுந்த வேகத்தில் மடியிலிருந்த முந்திரி எல்லாம் படியில் சிதறியது. ரூட்டர் என் தலைக்கு மேலேதான் இருந்தது. ஒயரைப் பிடுங்கினால் இந்தப் பேச்சு இதோடு முடிந்துவிடும். கையைத் தூக்கியும் விட்டேன்.

இன்னா மனுசன்யா அவன்.

நான் கேட்டதுதான். அதற்கு இந்தப் பயல் என் முகத்துக்கு நேரே ஆமாம் போட்டதை நினைக்க இன்னும் எரிந்தது. ஆனால் கவியாவிடம் நான் என்ன கேட்டேன்? பையன் போட்டோவைக் காட்டினேன். நல்ல இடம் என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தாள். அதைச் சம்மதம் என்று நானே வைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கையை இறக்கி ஆப்பைத் திறந்தேன். கடைசியில் கிடந்த கவியாவின் போனை இழுத்து, கொம்பையாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டேன். என் போன் கடைசியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இப்ப பேசிப் பாரும்மா," என்றேன் மேலே பார்த்து.

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். தலை சட்டென்று மறைந்தது. மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கொம்பையாவின் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எடுத்துப் பேசுய்யா," என்றேன். "அவ சரின்னு சொல்லிட்டான்னா, அண்ணாச்சின்னு கூப்புடறத இன்னியோட வுட்டுடு."