மதினியின் பாட்டில்

தகரக் கூரைகளுக்கிடையே ஒற்றைக் கோடாக இறங்கும் தாராவி வெயில், நஜ்முன்னிசாவின் அடுப்படிக் குழாயில் மாட்டியிருக்கும் எவர்சில்வர் உருளையைத் தொட்டு மின்னுகிறது. எல்ஈடி பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்க்கும் அவளே கோத்த உருளை அது. உள்ளே எரியும் புறஊதா விளக்குகளின் ஒளி கண்ணில் படக்கூடாது என்று இறுக்கி மூடியிருக்கிறாள். குழாயைத் திறந்தால் வெளியே பொட்டளவு பச்சை விளக்கு மட்டும் எரிகிறது. விக்ரோலியிலிருந்து வந்திருக்கும் மஹ்மூதா, நஜ்முன்னிசாவின் கணவனுடைய அக்கா, பாயில் உட்கார்ந்து அதையே பார்க்கிறாள். தம்பி வீட்டுப் பிரியாணியை வாயாரச் சாப்பிடுவாள். தண்ணீரை மட்டும் எப்போதும் தன் பாட்டிலில் கொண்டுவந்துவிடுவாள். இன்று அந்தப் பாட்டில் காலி. நஜ்முன்னிசா டம்ளரை நீட்டுகிறாள். “கொதிக்க வச்சியா?” “இல்ல மதினி. உள்ள இருக்க லைட்டே கிருமிய முடக்கிப் போட்டுரும். லேப்லயும் குடுத்துப் பாத்தாச்சு.” “லைட்டா? ஒண்ணும் தெரியலியே.” “கிருமி மட்டும் கண்ணுக்குத் தெரியுதாக்கும்?” மஹ்மூதாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஒரு வாய் குடிக்கிறாள், யோசிக்கிறாள், மிச்சத்தையும் குடித்து முடிக்கிறாள். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து, யாரிடமும் கொடுக்காமல், தன் காலிப் பாட்டிலைத் தானே குழாயடியில் பிடிக்கிறாள். “வீட்டுல பிள்ளைகளும் குடிக்கட்டும், என்ன?” பச்சைப் பொட்டு எரிகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தினாலும் வீட்டையே இரண்டாக்கும் நஜ்முன்னிசா, பாட்டில் நிரம்பி மதினியின் வளையல்களில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். குழாயை மூடத் தோன்றவில்லை.